பளையில் போன இழுவை

ஆடி மாத மத்தியானம். சோளகக் காற்று பக்கவாட்டில் அடித்துக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குப் போய்க்கொண்டிருந்தேன். எழுதுமட்டுவாளில் இருந்தே மணல் ஏற்றிய டிப்பர் ஒன்று முன்னால் போனது. படங்கை ஒழுங்காகக் கட்டவில்லை. மணல் பறந்து வந்து என் முன்கண்ணாடியில் சலசலவென்று கொட்டியது. பளைக்குக் கொஞ்சம் முன்னால் வீதி நேராக விரிந்தது. எதிரே ஒரு பஸ் வருவது தெரிந்தது, ஆனால் நல்ல தூரம். அந்த இடைவெளியை இந்தக் கார் மூன்றாம் கியரில் எத்தனையோ முறை சுலபமாக எடுத்திருக்கிறது. கியரை இறக்கி, வலப்பக்கம் எடுத்து, மிதித்தேன்.

முதல் ஒரு நொடி எல்லாம் சரியாக இருந்தது. டிப்பரின் பின்சில்லுக்கு நேரே வந்தபோது இழுவை போய்விட்டது. எஞ்சின் நிற்கவில்லை, சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. என் கால் அடிவரை போயிருந்தது, ரெவ் மீற்றர் முள் 4,000 இல் நின்று, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது. கயிறு போட்டுக் கட்டிய மாடு எட்டிப் பார்த்துவிட்டு நிற்பதுபோல கார் டிப்பருக்குப் பக்கத்திலேயே நின்றது. பஸ் விளக்கை அடித்தது. பிரேக்கை மிதித்து டிப்பருக்குப் பின்னால் திரும்ப ஒதுங்கினேன். பஸ் கடந்துபோன காற்றில் துணிக்கூரை படபடவென்று அடித்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

பளைச் சந்தி தாண்டி ஒரு பனைக்கூட்டத்தின் நிழலில் நிறுத்தினேன். கை நடுங்கியது. பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினேன். ஒரு தொடக்கத்தில் பிடித்தது. கிளிநொச்சி வரை ஒரு குறையும் இல்லை. ஆனையிறவில் கடலேரி நடுவே போகும்போது வேண்டுமென்றே மிதித்துப் பார்த்தேன், 6,500 வரை துள்ளிக்கொண்டு போனது. எனக்கு அந்தத் துள்ளல்தான் அதிகப் பயத்தைத் தந்தது. முழுதாக நின்றுபோகிற காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்த் திருத்தலாம். வந்து வந்து போகிற பிழையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? கராஜ் வாசலில் அது காட்டாது. அது காட்டுகிற இடம் எதிரே பஸ் வருகிற இடம்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யூனோஸ் ரோட்ஸ்ரர், மற்ற நாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற அதே கார். 1989 இல் வந்த முதல் தலைமுறை, 1.6 லீற்றர் எஞ்சின், இரண்டே இருக்கை, எடை ஒரு தொன்னுக்கும் குறைவு. பலம் 120 குதிரைவலு, அவ்வளவுதான். ஆனால் அந்த எடைக்கு அது போதும். வளைவில் திருப்பும்போது உடம்பும் காரும் ஒன்றாகத் திரும்பும். 2019 இல் கொழும்பில் வாங்கி ஏ9 வழியாக நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். அடுத்த வருடம் மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2021 கடைசியில் வேலைக்குக் கட்டார் போனேன்; 2024 தொடக்கத்தில்தான் திரும்பி வந்தேன். இடையில் காரைப் பார்த்துக்கொண்டவர் அப்பா.

மாற்றிய சாமான்கள்

பளைக்குப் பிறகு நாலு மாதம் நான் செய்ததை இப்போது நினைத்தால் மனதுக்கு வலிக்கிறது. காசுக்காக மட்டும் இல்லை. அந்த நாலு மாதமும் ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் எனக்கு ஒரு விடை சொன்னார், ஒவ்வொரு விடையும் கொஞ்ச நாள் சரியாக இருந்தது.

முதலில் போன கராஜில் ஸ்கானரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இந்தக் காருக்கு அது செருகாது, அந்தக் காலத்துக் கார். எஞ்சின் அறைக்குள் ‘டயக்னோசிஸ்’ என்று மூடியில் எழுதிய சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று இருக்கும். அதற்குள் இரண்டு ஓட்டைகளைத் துண்டு வயரால் இணைத்து, ஒரு சின்ன எல்ஈடியையும் பொருத்தினால், எந்த சென்சரில் பிழையோ அதன் எண்ணை மினுங்கிக் காட்டும். நானே செய்து பார்த்தேன். ஒரு பிழையும் காட்டவில்லை. அதை நான் தவறாக விளங்கிக்கொண்டேன். கொம்பியூட்டர் பிழை இல்லை என்று சொல்வதாக எடுத்துக்கொண்டேன். உண்மையில் அந்தக் கொம்பியூட்டருக்குத் தெரிந்தது அதனோடு வயர் போட்டு இணைத்த சென்சர்களை மட்டும்தான். இந்தக் காரில் பெற்றோலின் அழுத்தத்தை அளக்க ஒரு சென்சரும் இல்லை. அழுத்தம் பாதியாக விழுந்தாலும் அதற்குத் தெரியப்போவதில்லை.

பிறகு சாமான் மாற்றத் தொடங்கினோம். பிளக் நாலும், அப்புறம் பிளக் வயர்கள், அப்புறம் கொயில். எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: சூடு. ஓடி ஓடிச் சூடாகும்போது கொயிலுக்குள் கம்பி விட்டுப்போகும், ஆறினால் திரும்பப் பிடிக்கும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. முப்பது நாற்பது நிமிடம் ஓடிய பிறகுதான் பிழை வந்தது, பத்து நிமிடம் நின்றால் போனது. யாழ்ப்பாணத்து வெயிலில் சூட்டைக் குற்றம் சொன்னால் யார் மறுப்பார்கள்? கொழும்பிலிருந்து பாவித்த கொயில் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். மூன்று வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. கண்டுபிடித்துவிட்டோம் என்று வீட்டில் பாயசம் கூட வைத்தார்கள். நாலாவது வாரம் பொன்னாலைப் பாலத்தில், காரைநகருக்குப் போகும்போது, திரும்பவும் அதே.

அதற்குப் பிறகு காற்று அளக்கிற மீற்றரில் சந்தேகப்பட்டேன். அதற்குள் கதவு மாதிரி ஒரு தகடு இருக்கிறது. எஞ்சின் உறிஞ்சுகிற காற்று அதைத் தள்ளித் திறக்கும். இந்த 1.6 எஞ்சினில் அந்தக் கதவு திறந்தால்தான் பெற்றோல் பம்பின் ரிலே தொடர்ந்து பிடித்திருக்கும். ஆகவே அங்கே ஒரு தொடுகை பழுதானால் பம்ப் நின்றுபோகலாம். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை, பிழையைப் பிடித்துவிட்டேன் என்ற சந்தோசம். மீற்றரைக் கழற்றித் துடைத்து, தொடுகைகளைப் பார்த்துப் பூட்டினேன். இரண்டு வாரம் நன்றாக ஓடியது.

வந்து போகிற பிழையின் கொடுமை இதுதான் என்று நினைக்கிறேன். கடைசியாக எதைத் தொட்டோமோ அதற்குப் பெயர் போய்ச் சேரும். பிழை தானாகவே ஓய்கிற காலத்தை நாம் திருத்திய காலமாக எண்ணிக்கொள்கிறோம். நான் இன்னொன்றும் செய்தேன். அதை அப்போது உணரவே இல்லை. ஒவ்வொரு சாமானும் மாற்றிய பிறகு, வழியில் நின்றுவிடக்கூடாது என்ற பயத்தில், பெற்றோல் செட்டுக்குப் போய்த் தாங்கியை நிறைத்துவிட்டுத்தான் ஓட்டிப் பார்ப்பேன்.

பெற்றோல் பக்கத்தை நான் பார்க்காமலும் இல்லை. பின்சில்லுக்கு முன்னால் காருக்கு அடியில் இருக்கிற பில்ரரை மாற்றினோம். கழற்றிய பழைய பில்ரரை வாளால் இரண்டாக அறுத்துப் பார்த்தோம். இரண்டு வருடத்துக்கு மேல் நின்ற கார், உள்ளே கறளும் சேறுமாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். கடதாசி மடிப்புகள் கிட்டத்தட்ட வெள்ளையாக இருந்தன. அன்றைக்கே பெற்றோல் பக்கம் சுத்தம் என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவு எனக்கு இரண்டு மாதத்தைத் தின்றது.

கொப்பி

கோண்டாவில் பக்கம் ஒரு அண்ணை இருக்கிறார். பெயர்ப்பலகை இல்லை, வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டில்தான் கராஜ். நண்பன் ஒருவன் சொல்லிப் போனேன். கார்த்திகை, மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் காரின் பொனற்றைத் திறக்கவே இல்லை. ஒரு ஸ்ரூலைக் காலால் தள்ளிவிட்டு, இருந்து சொல்லும் என்றார். நான் மாற்றிய சாமான்களின் பட்டியலைச் சொல்லத் தொடங்கினேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

“மாத்தினது இருக்கட்டும். இழுவை போகேக்கை எப்பிடிப் போகுது? வெட்டி வெட்டிப் போகுதோ, இல்லாட்டித் தேஞ்சு போகுதோ?”

நாலு மாதத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்கவில்லை. கண்ணை மூடி அந்த டிப்பருக்குப் பக்கத்தில் இருந்த நொடியை நினைத்தேன். “தேஞ்சு” என்றேன்.

அவர் தலையாட்டினார். கரண்ட் போனால் சுவிட்சைப் போட்டு நிறுத்துவது போலக் கார் உதறும், எண்ணெய், அதாவது பெற்றோல், குறைந்தால் மெழுகுதிரி அணைவது போலப் போகும் என்றார். “ஆனா இது உம்மடை காலுக்குத் தெரிஞ்சது. எனக்கு இன்னும் தெரியாது. ஒரு கொப்பி வையும். ஒவ்வொருக்காலும் வரேக்கை நேரம், எத்தினை கிலோமீற்றர் ஓடினது, வெயிலோ மழையோ, எண்ணெய் எவ்வளவு கிடந்தது, எல்லாம் எழுதும். பத்து ஆனாப்பிறகு வாரும். அதுவரைக்கும் ஒரு சாமானும் மாத்தாதையும். முந்தவும் வேண்டாம்.”

எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். பிழையைத் திருத்தப் போனவனிடம், பிழையை இன்னும் பத்து முறை வரவிடு என்கிறார். ஆனாலும் அந்த மனிதரின் அமைதியில் ஒரு பிடி இருந்தது. கே.கே.எஸ். வீதியில் ஒற்றை ரூல் கொப்பி ஒன்று வாங்கி, நாலு கோடு கிழித்துக் காருக்குள் வைத்தேன்.

கொப்பி நிறைய ஏழு வாரம் பிடித்தது. பதினொரு வரி. இரவு எட்டு மணிக்கு மழையில் ஒருமுறை வந்திருந்தது. காலை ஆறரைக்குப் பனியோடு ஒருமுறை வந்திருந்தது. சூடு என்ற கதை அந்த இரண்டு வரியிலேயே விழுந்துவிட்டது. அண்ணை நேரத்தையோ வெயிலையோ அதிகம் பார்க்கவில்லை. எண்ணெய் என்ற கடைசிக் கோட்டுக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு மெல்ல இறங்கினார். கால், கால், கால்வாசிக்கும் கீழ், அரை, கால். பதினொன்றில் ஒன்றுகூட அரைத் தாங்கிக்கு மேலே இல்லை. நிறைத்து நிறைத்து ஓட்டிப் பார்த்தவன் நான். பிழையைத் தேடப் போகிற ஒவ்வொரு நாளும் அதை நானே மூடி மறைத்துவிட்டுத் தேடியிருக்கிறேன்.

முள்

தை மாதத்தில் ஒரு நாள் விடியப்புறம் ஐந்து மணி. தாங்கியில் கால்வாசி. அண்ணை முதல் நாளே இரண்டு வேலை செய்து வைத்திருந்தார். பின்னால் பம்புக்குப் போகிற வயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, மோட்டார் சைக்கிள் சிக்னல் பல்ப் ஒன்றைச் சாரதி ஆசனத்துக்கு முன்னால் கொழுவியிருந்தார். பம்புக்குக் கரண்ட் போகும் வரை அது எரியும். எஞ்சினுக்குப் போகிற பெற்றோல் குழாயில் இடைநடுவே பிரஷர் மீற்றர் ஒன்றைப் பூட்டி, அதன் குழாயைப் பொனற் இடுக்கால் வெளியே எடுத்து, மீற்றரை வைப்பர் தண்டில் கட்டியிருந்தார். முகம் எங்களைப் பார்க்க, கண்ணாடிக்கு வெளியே. பெற்றோல் உள்ளே வரக்கூடாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு.

“காத்து, கரண்ட், எண்ணெய். மூண்டுதான். எது முதல் போகுதெண்டு இண்டைக்குப் பாப்பம்.”

பக்கத்து ஆசனத்தில் அவர், கையில் ரோச். நாவற்குழிப் பாலம், கைதடி, சாவகச்சேரி. மீற்றர் முள் 33, 34 இல் நின்றது. நான் மிதிக்கும்போதெல்லாம் 40 க்கு ஏறியது. அது ஏறத்தான் வேண்டும் என்று அவர் சொல்லித் தந்தார். அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிற வால்வுக்கு எஞ்சினின் உறிஞ்சும் குழாயிலிருந்து ஒரு சின்ன றப்பர் குழாய் போகிறது. மிதித்தால் அங்கே உறிஞ்சல் குறையும், உடனே அழுத்தம் கூடும். மிதித்து முள் ஏறினால் எல்லாம் சரி. மிதித்து முள் இறங்கினால் பிழை அங்கேதான்.

கொடிகாமம் தாண்டியது. மிருசுவில் தாண்டியது. கிழக்கு வெளுத்து, ரோச்சை அணைத்துவிட்டார். வீதியில் ஒருவரும் இல்லை. ஏழாவதோ எட்டாவதோ முறையாக மூன்றாம் கியரில் மிதித்தேன். முள் 40 க்கு ஏறியது. அங்கே நின்றது. பிறகு, நான் காலை எடுக்காமலே, 36. 30. கார் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 24. இப்போது இழுவை போவதைக் கால் உணர்ந்தது. முள் அதை எனக்கு முன்பே சொல்லிவிட்டது. 18. சிக்னல் பல்ப் அசையாமல் மஞ்சளாக எரிந்துகொண்டே இருந்தது.

“விடாதையும், மிதிச்சபடி வையும்” என்றார் அண்ணை. குரல் உயரவில்லை, ஆனால் கண்ணாடியோடு முகம் ஒட்டியிருந்தது. “லைற் நிக்குது. எண்ணெய் இறங்குது. சரி. இப்ப காலை எடும்.”

காலை எடுத்ததும் முள் ஊர்ந்து ஊர்ந்து 30 க்கு ஏறியது. மெதுவாக ஓடினால் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் காரில் பம்ப் எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது. எஞ்சின் குடித்தது போக மிச்சம் இன்னொரு குழாயால் தாங்கிக்கே திரும்பிப் போகிறது. சாதாரண ஓட்டத்தில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம், ஆகவே பாதிக்கு மேல் அடைத்திருந்தாலும் அதற்குத் தெரியாது. முழுதாக மிதித்துக் கேட்கும்போதுதான் கொடுக்க இல்லை என்பது தெரியும். அதனால்தான் முந்தும்போது மட்டும்.

முகமாலைப் பக்கம் நிறுத்த அவர் விடவில்லை. கண்ணிவெடிப் பலகைகளைப் பார்த்துப் பழகிய ஆள், அந்த இடத்தில் தார் வீதியை விட்டுச் சில்லை இறக்க மாட்டார். பளைக்குப் போய் ஒரு தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணியபோது, ஒன்றும் நடக்காத மாதிரி முள் தன் இடத்துக்கு வந்து நின்றது. மிதித்தால் 40.

தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணை சொன்னார். “பம்ப் களைச்சிருந்தா அஞ்சு நிமிசத்திலை இப்பிடி ஆறாது. பில்ரர் பம்புக்குப் பிறகு கிடக்கு, அது வெள்ளை எண்டு சொன்னனீர். அப்ப பம்புக்கு முன்னாலை ஏதோ வந்து ஒட்டுது. பம்ப் இழுக்கேக்கை ஒட்டும், நிண்டா விட்டிடும். எண்ணெய் நிறையக் கிடந்தா அது அங்காலை இங்காலை மிதந்து திரியும். குறைஞ்சா வாயடிக்கு வந்திடும்.” கொஞ்சம் குடித்தார். “நீர் இல்லாத நேரம் இந்தக் காருக்கு எண்ணெய் விட்டது ஆர்?”

“அப்பா.”

“அவரைக் கேட்டனீரோ?”

என்னிடம் பதில் இல்லை. கொழும்பில் சாமான் விற்கிறவரைக் கேட்டிருந்தேன், கட்டாரில் கூட வேலை செய்தவரைக் கேட்டிருந்தேன், முகம் தெரியாத எத்தனையோ பேர் எழுதியதை இரவிரவாக வாசித்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் இந்தக் காரைத் தொட்டுத் துடைத்து வைத்திருந்தவர் அடுத்த அறையில்தான் படுக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தக் கார் அப்பாவின் காலத்துக் கார் இல்லை, இதில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது என்று எனக்குள் நானே எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன் போல. பளையிலிருந்து வீடு வரும்வரை அந்த நினைப்பு நெஞ்சில் கல்லாக இருந்தது.

சாரத் துண்டு

அப்பாவிடம் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஒன்று இருந்தது. தொண்ணூறுகளில் அதை வாடகைக்கு ஓட்டினார். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலம். பெற்றோல் மருந்துப் போத்தல் அளவில்தான் கிடைக்கும், அந்தக் கார் ஓடியது மண்ணெண்ணெயில். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே காபரேற்றர் வாயில் சில சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினைத் தொடக்கி, அது சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். போத்தலில் வருகிற எண்ணெயில் தண்ணீர் இருக்கும், மண் இருக்கும். ஒரு சொட்டைக்கூட வடிக்காமல் விடக்கூடாது என்பது அப்பாவின் அந்தக் காலத்துப் பாடம்.

2022 இல் திரும்பப் பெற்றோல் வரிசை வந்தபோது அவருடைய கை அந்தப் பாடத்துக்குத் தானாகவே போயிருக்கிறது. ரோட்ஸ்ரரை ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்த அவருடைய முழங்கால் விடாது. அவ்வளவு தாழ்ந்த கார். ஆனால் நிற்கிற காரை வாரம் ஒருமுறையாவது ஸ்டார்ட் பண்ணவேண்டும் என்று நான் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். அதில் அவர் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வந்து, மிச்சம் பிடித்த அரை லீற்றரைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, புனலில் துணி விரித்து வடித்து, என் காருக்கு விட்டிருக்கிறார். பல மாதம். எனக்கு இது ஒன்றும் தெரியாது. தொலைபேசியில் “கார் நல்லாக் கிடக்கு” என்று மட்டும் சொல்லுவார்.

அந்தச் சனிக்கிழமை அண்ணை வீட்டுக்கே வந்தார். டிக்கியில் இருக்கிற பற்றரியைக் கழற்றிவிட்டு, ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கிற விரிப்பை உயர்த்தினார். கீழே ஒரு தகட்டு மூடி. ஆணிகளைக் கழற்றி, குழாய்களை விடுவித்து, பம்பைத் தூக்குதண்டோடு மெல்ல வெளியே எடுத்தார். பெற்றோல் மணம் முற்றம் முழுக்க நிறைந்தது. பம்பின் அடியில் வலைப்பை ஒன்று, காலுறையின் நுனி மாதிரி. அதைச் சுற்றி ஒரு துணித்துண்டு, பாதி ஒட்டியும் பாதி தொங்கியும். மூன்று விரல் அகலம் இருக்கும். பழுப்பேறியிருந்தது. அண்ணை இடுக்கியால் அதை உரித்து, என் உள்ளங்கையில் விரித்தார். ஒரு பக்கத்தில் வலைப்பையின் பின்னல் அச்சு அச்சாகப் பதிந்திருந்தது, சின்னச் சின்னச் சதுரங்களாக. எத்தனை முறை ஒட்டி எத்தனை முறை விட்டிருந்தால் அப்படிப் பதியும்! மறுபக்கம் திருப்பியபோது பழுப்புக்குக் கீழே நீலக் கோடு தெரிந்தது. உடுக்கிற சாரத்தின் கட்டம்.

அப்பா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“அப்ப நான் வடிச்சதுதான் பிழையாப் போச்சே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை ரோச்சை எடுத்துத் தாங்கிக்குள் அடித்தார். “ஐயா, இஞ்சை வந்து பாருங்கோ.” அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நானும் பார்த்தேன். பெற்றோலுக்கு அடியில் உலோகம் பளிச்சென்று கிடந்தது. கறள் இல்லை, சேறு இல்லை. “ரண்டு வருசத்துக்கு மேலை நிண்ட காரின்ரை ராங்க் இப்பிடி இருக்கிறதை நான் கண்டதில்லை. நீங்கள் வடிச்சபடியாத்தான். தம்பி அறுத்துப் பார்த்த பில்ரர் வெள்ளையா இருந்ததும் அதாலைதான்.”

அந்த வெள்ளைக் கடதாசி எனக்குள் திரும்ப வந்தது. அதைப் பார்த்துத்தானே பெற்றோல் பக்கத்தை நான் விட்டேன். அப்பாவின் கவனம் அந்த மடிப்புகளில் எழுதியிருந்தது, நான் வேறு எதையோ வாசித்திருக்கிறேன்.

இதை எழுதும்போது அன்றைக்குப் பிறகு ஐந்து மாதம் ஆகிறது. வேண்டுமென்றே கால் தாங்கியிலும் அதற்குக் கீழேயும் வைத்து 2,000 கிலோமீற்றருக்கு மேல் ஓடிவிட்டேன். கொப்பியில் பதினொன்றுக்குப் பிறகு வரி இல்லை. ஆனால் அன்று மாலை நடந்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை முடியாது.

அண்ணை பம்பைத் திரும்ப இறக்கப் போனபோது அப்பா, “கொஞ்சம் பொறுங்கோ” என்றார். பின்வளவுக் கொட்டிலுக்குப் போனார். நெடுநேரம் ஆகவில்லை, அவருடைய சாமான்கள் எப்போதும் வைத்த இடத்தில்தான் இருக்கும். திரும்பி வந்தபோது கையில் சிவப்புப் பிளாஸ்ரிக் புனல், அதற்குள் மடித்து வைத்த நீலக்கட்டச் சாரத் துணி. துணியைப் பொனற்றின் மேல் விரித்து, இரண்டு கையாலும் நீவினார். புனலின் வாய்ப்பட்ட இடம் வட்டமாகத் தேய்ந்து நைந்திருந்தது, நடுவில் கிழிசல். என் கையில் இருந்த துண்டை வாங்கி அந்தக் கிழிசலுக்குள் வைத்தார். கட்டத்தோடு கட்டம் சேர்கிறதா என்று திருப்பினார், இன்னொருமுறை திருப்பினார். நீலக் கோடு நீலக் கோட்டோடு சேர்ந்தது.

ஒரு மூலையில் மட்டும் சேரவில்லை. சுண்டுவிரல் நகமளவு இடைவெளி. அதனூடாகப் பொனற்றின் சிவப்புத் தெரிந்தது.

“இன்னொரு சின்னத் துண்டு உள்ளுக்குக் கிடக்கு” என்றார் அப்பா.

அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் பம்பைத் துணியில் வைத்துவிட்டு, ஒரு செப்புக் கம்பியின் நுனியை வளைத்துக்கொண்டு திரும்பவும் குனிந்தார். நான் ரோச் பிடித்தேன். அரை மணித்தியாலம் இருக்கும். பம்ப் நிற்கிற தடுப்புத் தகட்டின் அடிமூலையில், இலை மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. கம்பி நுனியில் சொட்டச் சொட்ட அதை வெளியே எடுத்தார்.

அப்பா விரல் நுனியில் வாங்கி, பொனற்றில் அந்த இடைவெளியில் வைத்து, ஓரத்தை நீவிவிட்டார்.

“இப்ப சரி” என்றார். “மூடுங்கோ.”